குட்டி யானை என்ன விலை?

பொம்மனஹள்ளி. பெங்களூரின் தெற்குப் பக்கம். ஓசூர் சாலை இதன் வழியாகத்தான் போகிறது. சாலையில் பஸ், லாரி, ஆட்டோ. 2025 ஆகஸ்ட் முதல் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது.

காலை ஏழு மணி. சாலை ஓரத்தில் சின்னச் சரக்கு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஓட்டுநர்கள் டீ குடித்தபடி லோடுக்குக் காத்திருக்கிறார்கள். ஒரு வண்டி கார்மென்ட்ஸ் கம்பெனிக்குத் துணிக் கட்டு ஏற்றப் போகும். ஒரு வண்டி வீடு மாற்றும் சாமான் ஏற்றப் போகும். காய்கறி, தண்ணீர் கேன், சிமென்ட், கல்யாணப் பாத்திரம் எல்லாம் இந்த வண்டிகளில்தான் போகின்றன. பெரிய லாரி நுழைய முடியாத சந்திலும் இவை நுழைந்துவிடும்.

தமிழர்கள் இந்த வண்டிக்கு வைத்த பெயர் 'குட்டி யானை'. சிலர் 'சின்ன யானை' என்பார்கள்.

அந்த வரிசையில் ஒரு ஓட்டுநர். ஊர் தர்மபுரிப் பக்கம். பொம்மனஹள்ளிக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. 14 வருஷமும் அடுத்தவர் வண்டியைத்தான் ஓட்டினார். சொந்தமாக ஒரு வண்டி வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஒருநாள் ஷோரூமுக்குப் போனார். ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். அதன் பெயர் கொட்டேஷன். அதாவது விலைப் பட்டியல்.

அவர் மனைவி கார்மென்ட்ஸில் தையல் வேலை செய்கிறார். வீட்டுக் கணக்கு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. அவர் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, ஆறே முக்கால் லட்சம் போட்டிருக்கு! நீங்க முன்னாடி ரெண்டே கால் லட்சம்னு சொன்னீங்க?"

"அது இந்த வண்டி புதுசா வந்தப்போ. இப்ப விலை ஏறிப் போச்சு."

"ஏறும்தான். ஆனா இவ்வளவா? எதுக்கு ஏறுச்சு?"

அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டில் இருந்த சேமிப்பு 1,80,000 ரூபாய். சீட்டுப் பணமும் மனைவியின் பி.எஃப். பணமும் சேர்ந்து அவ்வளவு. மகள் பி.யு.சி. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அடுத்த வருஷம் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டும். வண்டி வாங்கினால் அந்தப் பணம் மொத்தமும் வண்டிக்குப் போய்விடும்.

அதனால்தான் மனைவி கேட்டார், எதுக்கு ஏறுச்சு என்று. நல்ல கேள்வி.

அன்றைய விலை

டாட்டா கம்பெனி 2005 மே மாதம் 'ஏஸ்' என்ற வண்டியைக் கொண்டுவந்தது. இதுதான் முதல் குட்டி யானை. அதற்கு முன் சின்ன லோடு என்றால் மூன்று சக்கர வண்டிதான். கொஞ்சம் பெரிய லோடு என்றால் டெம்போ. இரண்டுக்கும் நடுவில் மலிவான நான்கு சக்கர வண்டி இல்லை. ஏஸ் அந்த இடத்தைப் பிடித்தது. விலை சுமார் இரண்டே கால் லட்சம். முக்கால் டன் ஏற்றலாம். இதுவரை 20 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது.

அந்த வண்டியில் என்ன இருந்தது? இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். 16 குதிரைத் திறன். ஒரு சின்ன கேபின். பின்னால் ஒரு தொட்டி. அவ்வளவுதான். சாலையோர மெக்கானிக் ஸ்பேனரை வைத்துக்கொண்டே எஞ்சினைப் பிரித்து மாட்டிவிடுவார்.

2011-ல் அசோக் லேலண்ட் 'தோஸ்த்' வண்டியைக் கொண்டுவந்தது. ஜப்பானின் நிஸான் கம்பெனியோடு சேர்ந்து இதைச் செய்தார்கள். ஒன்றே கால் டன் ஏற்றும். நான்கு லட்சத்துக்கும் கீழே விலை தொடங்கியது. இது ஓசூர் தொழிற்சாலையில் தயாராகிறது. பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் சுமார் 30 கிலோமீட்டர்.

"பக்கத்திலேயே செய்யறாங்க. அப்புறம் ஏன் இங்க விலை குறையலை?" என்று ஸ்டாண்டில் பலர் கேட்பார்கள். வண்டியைக் கொண்டுவரும் செலவு அதன் விலையில் சின்னப் பங்குதான். எஃகு ஒரு ஊரில் இருந்து வருகிறது. டயர் ஒரு ஊரில் இருந்து வருகிறது. மின்னணுச் சாமான்களில் பல வெளிநாட்டில் இருந்து வருகின்றன. ஓசூரில் செய்வது அவற்றை ஒன்று சேர்க்கும் வேலை. அதனால் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் வாங்குபவருக்குப் பெரிய லாபம் இல்லை.

ரூபாயும் இளைத்தது

பழைய விலையோடு புது விலையை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஏன்?

2005-ல் ஒரு பவுன் தங்கம் ஐந்தாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. 2025 அக்டோபரில் அது 90,000 ரூபாயைத் தாண்டியது. அன்று ஒரு குட்டி யானை வாங்க 45 பவுன் விற்க வேண்டும். 2025 அக்டோபரில் ஏழரைப் பவுன் விற்றால் போதும். தங்கத்தை வைத்துப் பார்த்தால் வண்டி விலை சரிந்துவிட்டது!

ஆனால் ஓட்டுநருக்குத் தங்கத்திலா கூலி கொடுக்கிறார்கள்? இல்லை. எனவே இந்தக் கணக்கு ஓரளவுக்குத்தான் உதவும். இருபது வருஷத்தில் ரூபாயின் மதிப்பு குறைந்துவிட்டது. அரிசி, வாடகை, கூலி எல்லாமே மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஆகிவிட்டன. வண்டி விலை ஏறியதில் பெரும் பகுதி இதுதான். இதற்கு எந்தக் கம்பெனியையும் தனியாகக் குறை சொல்ல முடியாது.

மிச்சப் பகுதி எங்கிருந்து வந்தது? அதைத்தான் பார்க்க வேண்டும்.

புகைக்குப் போட்ட சல்லடை

ஓட்டுநருக்குத் தெரிந்த ஒரு வயதான மேஸ்திரி இருக்கிறார். டீசல் எஞ்சின் வேலையில் பழுத்தவர். ஓட்டுநர் அவரிடம் போய்த் தாளைக் காட்டினார்.

மேஸ்திரி சிரித்தார். ஒரு பழைய வண்டியின் சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் கரியாக இருந்தது.

"தம்பி, இந்தக் கரியைப் பாரு. முன்ன இது காத்துல போச்சு. காசு கொடுக்காம போச்சு. இப்ப இதைப் பிடிச்சு நிறுத்தணும்னு சட்டம். பிடிக்கறதுக்குச் சாமான் வேணும். அந்தச் சாமானுக்குத்தான் காசு."

வண்டி எவ்வளவு புகை விடலாம் என்பதற்கு அரசு அளவு வைத்திருக்கிறது. அதன் பெயர் பாரத் ஸ்டேஜ். சுருக்கமாக பி.எஸ். நான்காம் நிலை 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்தது. பெங்களூர் போன்ற சில பெரிய நகரங்களுக்கு அது 2010-லேயே வந்துவிட்டது. அடுத்தது ஐந்தாம் நிலைதானே? அதை அரசு தாண்டிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நேராக ஆறாம் நிலை. ஐரோப்பாவில் படிப்படியாக ஏறினார்கள். இங்கே ஒரு படியைத் தாண்டிக் குதித்தோம். கம்பெனிகளுக்குக் கிடைத்த காலமும் குறைவு. செலவு ஒரே தடவையில் வந்து விழுந்தது.

முதலில் டீசலே மாற வேண்டியிருந்தது. டீசலில் கந்தகம் இருக்கும். கந்தகம் இருந்தால் புகை பிடிக்கும் கருவி கெட்டுப்போகும். மூன்றாம் நிலையில் பத்து லட்சம் பங்கு டீசலில் 350 பங்கு கந்தகம் இருக்கலாம். நான்காம் நிலையில் 50 பங்கு. ஆறாம் நிலையில் 10 பங்கு மட்டுமே.

பிறகு எஞ்சின் மாறியது. பழைய எஞ்சினில் டீசல் பம்பு என்று ஒன்று உண்டு. பெங்களூர்க்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆடுகோடியில் 'மைக்கோ' கம்பெனி பல வருஷமாக டீசல் பம்பு செய்தது. பொம்மனஹள்ளிக்குப் பக்கத்தில் மைக்கோ லேஅவுட் என்றே ஒரு பகுதி இருக்கிறது. மைக்கோவின் பெயர் 2008-ல் 'பாஷ்' என்று மாறியது. அந்தப் பழைய பம்பு வெறும் இரும்பு வேலை. பழுது பார்க்கலாம். இப்போது பல டீசல் வண்டிகளில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகிறது. எப்போது எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சொல்கிறது. அதற்கு வெப்பம், காற்று, அழுத்தம் எல்லாவற்றையும் உணர்ந்து சொல்லும் சென்சார்கள் வேண்டும்.

கடைசியில் சைலன்சர். அது முன்பு வெறும் குழாய். இப்போது அதற்குள் ஒரு தொழிற்சாலையே இருக்கிறது. ஒரு பகுதியில் புகையில் உள்ள விஷ வாயு மாறுகிறது. அந்தப் பகுதிக்குள் பிளாட்டினம் போன்ற உலோகம் பூசியிருக்கிறார்கள். பிளாட்டினம் விலை உயர்ந்தது. உலகில் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் இருந்துதான் வருகிறது. இன்னொரு பகுதி கரியைப் பிடிக்கும் சல்லடை. சில வண்டிகளில் யூரியா கலந்த திரவமும் ஊற்ற வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும். எப்படியும் பணம் ஆகும்.

சல்லடை நிறைந்தால் என்ன ஆகும்? வண்டி தானே அந்தக் கரியை எரித்துவிடும். ஆனால் அதற்குச் சைலன்சர் நன்றாகச் சூடேற வேண்டும். வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டி எப்படி நிற்காமல் ஓடும்? விளக்கு எரியும். சில ஓட்டுநர்கள் அதைப் பார்த்தும் சும்மா விட்டுவிடுகிறார்கள். சல்லடை அடைத்துக்கொண்டால் பெரிய செலவு. விளக்கு எரிந்தால் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்திலோ ஓசூர் பக்கமோ இருபது முப்பது நிமிஷம் ஒரே சீராக ஓட்டிவிட்டு வரலாம். வண்டியோடு வரும் புத்தகத்தில் இது எழுதியிருக்கும். யாரும் அதைப் பிரிப்பதில்லை.

"பழைய எஞ்சினே நல்லா இருந்துச்சு மேஸ்திரி" என்றார் ஓட்டுநர்.

"உனக்கு நல்லா இருந்துச்சு. பின்னாடி பைக்ல வந்தவனுக்கு?"

அதுதான் விஷயம். காற்று சுத்தமாவது எல்லோருக்கும் நல்லது. ஓசூர் சாலையிலேயே நாள் முழுவதும் இருக்கும் ஓட்டுநருக்கு இன்னும் நல்லது. ஆனால் அதற்கான பணத்தை யார் கொடுக்கிறார்கள்? நூறு வண்டி வைத்திருக்கும் முதலாளியும் ஒரு வண்டிக்கு இதே தொகை கொடுக்கிறார். ஒரே வண்டி வாங்கும் ஓட்டுநரும் இதே தொகை கொடுக்கிறார். முதலாளிக்கு அது கணக்கு நோட்டில் ஒரு வரி. இவருக்கு மகளின் கல்லூரிப் பணம்.

டீசல் வண்டியில்தான் இந்தச் செலவு அதிகம். பெட்ரோல் வண்டியில் குறைவு. அதனால்தான் 2020-க்குப் பிறகு பெட்ரோல் குட்டி யானைகளும் கேஸ் வண்டிகளும் அதிகமாக வந்தன. மாருதி தன் 'சூப்பர் கேரி' வண்டியில் டீசலையே நிறுத்திவிட்டது.

இதோடு வேறு சில சாமான்களும் சேர்ந்தன. 2015 அக்டோபர் முதல் புதுச் சரக்கு வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதபடி ஒரு கருவி வைக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் புகைச் சட்டம் இன்னும் இறுகியது. புகைக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று வண்டி ஓடும்போதே கவனித்துச் சொல்ல வேண்டும்.

நடுவில் கொரோனா. 2021-ல் எஃகு விலை ஏறியது. சின்னக் கம்ப்யூட்டர்களுக்கு வேண்டிய 'சிப்' உலகம் முழுவதும் கிடைக்கவில்லை. ஒரு சிப் இல்லாமல் முழு வண்டியும் தொழிற்சாலையில் நின்றது. வண்டி விலையை ஏற்றினார்கள். பிறகு எஃகு விலை இறங்கியது. வண்டி விலை அதோடு இறங்கவில்லை. ஏற்றுவதற்குக் காட்டும் அவசரத்தை இறக்குவதற்குக் காட்டுவதில்லை.

வரி எவ்வளவு?

இப்போது தாளுக்கு வருவோம். முதல் வரியில் ஷோரூம் விலை 5,90,000 என்று இருந்தது. இதில் வண்டியின் விலை 5,00,000. மிச்சம் 90,000 ஜி.எஸ்.டி. வரி. அதாவது 18 சதவீதம்.

2025 செப்டம்பர் 22-க்கு முன் இந்த வரி 28 சதவீதம். அப்போது இதே வண்டிக்கு வரி மட்டும் 1,40,000. அன்று முதல் 50,000 ரூபாய் குறைந்தது. கடைசியாக விலை இறங்கியது என்றால் இதுதான்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கம்பெனி தன் தொழிலுக்குச் சரக்கு வண்டி வாங்கினால், கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வேறு வரியில் பெரும்பாலும் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாத ஓட்டுநர் அப்படிக் கழிக்க முடியாது. அவர் கட்டிய 90,000 கட்டியதுதான்.

வண்டிக்கும் வரிக்கும் உள்ள உறவு எங்கே எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி ஐரோப்பாவில் மலிவாக விற்றது. அங்குள்ள அரசுகள் கோழிக்கு வரி போட்டன. அமெரிக்காவுக்குக் கோபம் வந்தது. 1964-ல் வெளிநாட்டுச் சின்ன லாரிகளுக்கு 25 சதவீதம் வரி போட்டது. கோழிச் சண்டை முடிந்துவிட்டது. லாரி வரி மட்டும் நிலைத்துவிட்டது. இன்றும் அதைக் 'கோழி வரி' என்றே சொல்கிறார்கள். வெளியில் இருந்து போட்டி குறைந்ததும் உள்ளூர்க் கம்பெனிகள் பெரிய பெரிய வண்டியாகச் செய்தன. பெரிய வண்டியில்தான் லாபம் அதிகம். அங்கே புது பிக்கப் வண்டி 50,000 டாலருக்கு விற்பது சாதாரணம். நம் பணத்தில் 40 லட்சத்துக்கும் மேல். அதில் சரக்கு ஏற்றுகிறார்களோ இல்லையோ, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறார்கள்.

தாளின் மற்ற வரிகள்

மனைவி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போகும். வண்டியின் எடையைப் பொறுத்து மாறும். மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இதில் பேரம் இல்லை.

இன்ஷூரன்ஸ் 36,000. இதில் இரண்டு பகுதி. வண்டி மோதி அடுத்தவருக்கு அடிபட்டால் கொடுப்பதற்கு ஒரு பகுதி. இதைக் கட்டாயம் எடுக்க வேண்டும். இந்தத் தொகையை அரசு நிர்ணயிக்கிறது. 2022-ல் இந்த அளவு வண்டிக்கு 16,049 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதற்கு மேல் வரி தனி. நம் வண்டிக்கே சேதம் வந்தால் கிடைப்பது இன்னொரு பகுதி. இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷோரூமில் சொல்லும் இன்ஷூரன்ஸ் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியில் விசாரிக்கலாம்.

அடுத்த வரி, 'ஃபிட்டிங்ஸ்' 14,000. தார்ப்பாய், ஏணி, சீட் கவர், கம்பி. மேஸ்திரியிடம் கேட்டதற்கு, "வெளியில இதை விடக் குறைவா முடிக்கலாம்" என்றார்.

அதற்கு அடுத்த வரி, 'ஹேண்ட்லிங் சார்ஜ்' 6,500.

"இது எதுக்குங்க?"

"தெரியலை. எல்லாருக்கும் போடறதுன்னு சொன்னாங்க."

இது அரசுக்குப் போகும் பணம் இல்லை. வண்டியும் இல்லை. மனைவி அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். ஃபிட்டிங்ஸ் பக்கத்திலும் ஒன்று போட்டார்.

எட்டு பெரிதா, பன்னிரண்டு பெரிதா?

இனிமேல்தான் முக்கியமான இடம். வண்டி விலை ஆறே முக்கால் லட்சம் என்பதே பாதி உண்மைதான். கடனில் வாங்கினால் விலை இன்னும் ஏறும்.

ஷோரூமில் ஒரு தனியார் பைனான்ஸ் ஆள் இருந்தார். "அண்ணா, அஞ்சு லட்சம் கடன் தர்றோம். வட்டி எட்டு பர்சன்ட்தான். நாலு வருஷம்" என்றார். ஓட்டுநர் ஒரு வங்கியிலும் கேட்டார். அவர்கள் 12 சதவீதம் என்றார்கள்.

எது குறைவு? எட்டுதானே?

இல்லை. பன்னிரண்டுதான் குறைவு. எப்படி?

ஒருவர் பன்னிரண்டு படி அரிசி கடன் வாங்கினார். மாதம் ஒரு படி திருப்பிக் கொடுக்கிறார். பதினோரு மாதம் கழித்து அவர் கையில் இருக்கும் கடன் ஒரே ஒரு படி. அந்த மாதமும் பன்னிரண்டு படிக்கு வட்டி கேட்டால் நியாயமா? தனியார் பைனான்ஸ் சொன்ன எட்டு சதவீதம் அப்படிப்பட்டது. இதற்கு 'பிளாட்' வட்டி என்று பெயர். கடன் குறைந்தாலும் வட்டி குறையாது.

கணக்கைப் பாருங்கள். 5,00,000-க்கு 8 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 40,000. நான்கு வருஷத்துக்கு 1,60,000. மொத்தம் 6,60,000. 48 மாதத்தால் வகுத்தால் மாதம் 13,750 ரூபாய் டியூ.

வங்கியின் 12 சதவீதம் குறைந்துவரும் கடனுக்கு மட்டும். அதில் மாத டியூ 13,167 ரூபாய். நான்கு வருஷத்தில் வட்டி சுமார் 1,32,000.

எட்டு என்று சொன்னவரிடம் வாங்கினால் 28,000 ரூபாய் அதிகம். உண்மையில் அது 14 சதவீதத்துக்கும் மேலான வட்டி. அதனால் "வட்டி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. "மாத டியூ எவ்வளவு? எத்தனை மாதம்?" என்று கேட்டு, இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

ஐந்து வருஷம் என்று நீட்டினால் டியூ குறையும். வங்கிக் கணக்கில் மாதம் 11,122 ஆகும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வட்டி 1,67,000-க்கு ஏறிவிடும்.

மத்திய அரசின் முத்ரா திட்டம் 2015-ல் தொடங்கியது. சரக்கு வண்டி வாங்கவும் வங்கிகள் இதில் கடன் கொடுக்கின்றன. அடமானமாக வீடோ நிலமோ கேட்கக் கூடாது. ஓட்டுநருக்கு இது தெரியாது. ஷோரூமிலும் யாரும் சொல்லவில்லை. அவர்கள் ஏன் சொல்லப் போகிறார்கள்?

நிற்கும் வண்டிக்கும் செலவு

இரவு சாப்பாடு முடிந்தது. மனைவி நோட்டை எடுத்தார்.

"மாசத்துக்கு எத்தனை நாள் லோடு கிடைக்கும்?"

"இருபத்தஞ்சு நாள்னு வெச்சுக்க."

மனைவி வகுத்தார். டியூ 13,167. அதை 25-ஆல் வகுத்தால் நாளுக்கு 527. இன்ஷூரன்ஸ் வருஷத்துக்கு 36,000. மாதம் 3,000. நாளுக்கு 120.

"டீசல் போடறதுக்கு முன்னாடியே ஒரு நாளைக்கு 647 ரூபா. டயர், சர்வீஸ் இதுல இல்லை. நம்ம சாப்பாடும் இதுல இல்லை."

ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை. அடுத்தவர் வண்டியை ஓட்டும்போது, லோடு இல்லாத நாளில் கவலை முதலாளிக்கு. சொந்த வண்டியில் அந்தக் கவலை இவருக்கு.

"பழைய வண்டி வாங்கினா?" என்றார் மனைவி.

அதிலும் கணக்கு இருக்கிறது. விலை பாதி கூட ஆகாது. ஆனால் பழைய வண்டிக் கடனுக்கு வட்டி அதிகம். எஃப்.சி. செலவும் அடிக்கடி வரும். வண்டிக்கு எட்டு வருஷம் ஆகும்வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. எடுத்தால் போதும். அதற்குப் பிறகு வருஷா வருஷம் எடுக்க வேண்டும். பழைய வண்டியின் ஆர்.சி. புக்கில் முன்னவர் வாங்கிய கடன் அடைந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். அடையாத வண்டியை வாங்கி ஏமாந்தவர்கள் ஸ்டாண்டிலேயே இருக்கிறார்கள்.

இன்னும் ஒரு வழியும் இருக்கிறது. எல்லாப் புது வண்டியும் ஆறு லட்சம் இல்லை. 2025 ஜூனில் டாட்டா 'ஏஸ் புரோ' என்று ஒரு சின்ன வண்டியைக் கொண்டுவந்தது. பெட்ரோல் வண்டி. அறிமுக விலை 3,99,000. முக்கால் டன் ஏற்றும். அதிலேயே பேட்டரி வண்டி 6,50,000. பேட்டரி வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். டீசல் செலவு இல்லை. ஆனால் முதலில் கொடுக்கும் பணம் அதிகம். வண்டியை எங்கே நிறுத்தி சார்ஜ் போடுவது என்ற கேள்வியும் உண்டு. பொம்மனஹள்ளியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது சின்னக் கேள்வி இல்லை.

"நீங்க ஏத்தற லோடு எவ்வளவு எடை இருக்கும்?" என்று மனைவி கேட்டார்.

ஓட்டுநர் யோசித்தார். "துணிக் கட்டு அறுநூறு கிலோ இருக்கும். வீட்டுச் சாமான் அதை விடக் குறைவு. சிமென்ட்டுன்னா ஒரு டன் வரும்."

"சிமென்ட் எத்தனை தடவை வருது?"

அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. 14 வருஷம் ஓட்டியிருக்கிறார். ஆனால் எழுதி வைத்ததில்லை.

மனைவி நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். தேதி, என்ன லோடு, எத்தனை கிலோ, எத்தனை கிலோமீட்டர், வாடகை எவ்வளவு என்று ஐந்து கோடு போட்டார். நோட்டை அவர் கையில் கொடுத்தார்.

"ஒரு மாசம் இதுல எழுதுங்க. அப்புறம் ரெண்டு பேருமா ஷோரூமுக்குப் போகலாம்."

மறுநாள் சாயங்காலம் முதல் வரி எழுதப்பட்டிருந்தது. துணிக் கட்டு. 550 கிலோ. 18 கிலோமீட்டர். வாடகை 900.